மேளப் போட்டிக்கு ஒரே தாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உறுமி மேளப் போட்டியோ அணிவகுப்பு வாத்தியக் குழுக்களின் போட்டியோ, முடிவு அறிவித்த பிறகு எழும் சத்தம் சில வேளைகளில் மேளச் சத்தத்தையே மிஞ்சிவிடுகிறது. “நடுவருக்குக் காது கேட்கவில்லையா?” என்பதுதான் முதல் கேள்வி. காது நன்றாகவே கேட்டிருக்கும். பெரும்பாலும் கோளாறு அவர் கையில் கொடுக்கப்பட்ட மதிப்பெண் தாளில்தான்.

பல போட்டிகளில் புழங்கும் தாளில் ஐந்து வரிகள் இருக்கும்: தாளம் 20, ஒருங்கிணைப்பு 20, உடை 20, மேடைத் தோற்றம் 20, ஒட்டுமொத்தம் 20. மூன்று நடுவர்களும் ஒரே மேசையில் வரிசையாக உட்கார்ந்து, மூவரும் ஐந்து வரிகளையும் நிரப்புவார்கள். வேட்டியின் கரைக்கும் மேளத்தின் காலப்பிரமாணத்துக்கும் இங்கே ஒரே எடை. கடைசி வரியில் “ஒட்டுமொத்தம்” என்று போட்டுவிட்டால், முதல் நான்கு வரிகளில் ஏற்கெனவே கொடுத்ததை ஐந்தாவது முறையாகக் கொடுப்பதாகத்தான் ஆகும்.

தாளக் கருவிகளை நடந்துகொண்டே வாசிக்கும் கலைக்கு மதிப்பெண் போடுவதில் அதிகம் அடிபட்டுத் தேறியவர்கள் அமெரிக்காவின் டிரம் கோர் (பித்தளைக் கருவிகளும் டிரம்களும் கொண்ட அணிவகுப்புக் குழு) உலகத்தினர். டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ, தன் முதல் இறுதிப் போட்டியை 1972ல் நடத்தியது. அன்றைய முறை எளிமையானது. நடுவர் திடலுக்குள் நடந்து திரிவார். ஒரு தவறு காதில் விழுந்தால் தாளில் ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு 0.1 புள்ளி கழிவு. நேர்மையான முறைபோலத் தெரியும். ஆனால் கடினமாக வாசித்தவருக்கே அதிகக் கோடு விழுந்தது. எளிய ஒற்றை அடிகளை வாசித்துவிட்டுப் போனவர் தப்பித்தார். நடுவர் எந்தக் கலைஞர் அருகே நின்றாரோ அவருடைய தவறுதான் கணக்கில் ஏறியது. 20 மீட்டர் தள்ளி நின்றவருடைய தவறு காற்றோடு போயிற்று. 1980களின் முற்பாதியில் அந்த முறையைக் கைவிட்டார்கள். கழிப்பதற்குப் பதில் கீழிருந்து கட்டி எழுப்பும் முறை வந்தது.

இப்போதைய அமைப்பு இப்படி: 100 புள்ளிகளில் 40 பொது ஈர்ப்புக்கு. காட்சிக்கு 30, இசைக்கு 30. இசையில் பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், இசைப் பகுப்பாய்வு என்று தனித்தனி நடுவர்கள், தலா 20க்கு மதிப்பெண் போடுகிறார்கள். கூட்டி வரும் 60ஐ இரண்டால் வகுத்தால் 30. ஆக, தாளக் கருவி நடுவரின் தாள் இறுதிக் கணக்கில் 10 புள்ளி மட்டுமே பெறும். அந்த 20ம் ஒரே எண் அல்ல. என்ன வாசித்தார்கள் (‘பொருள்’) என்பதற்கு 10, எப்படி வாசித்தார்கள் (‘வாசிப்பு’) என்பதற்கு 10.

இந்தப் பிரிப்புதான் நமக்கு முக்கியம். ஒரு குழு நான்கு நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையை நின்ற இடத்திலேயே துப்புரவாக வாசிக்கிறது. இன்னொரு குழு மிஸ்ர நடைக்கு மாறி, ஏழேழாகப் பிரித்துக் கோர்வை (முத்தாய்ப்பாக வரும் தாளக் கட்டு) வைத்து, அதையும் நடந்துகொண்டே வாசிக்கிறது. இரண்டு இடத்தில் தடுமாறுகிறது. ஒரே எண் போடும் நடுவர் அன்றைய மனநிலைப்படி யாராவது ஒருவரை மேலே தூக்குவார். இரண்டு எண் போடும் நடுவர் முதல் குழுவுக்குப் பொருளில் 6, வாசிப்பில் 9 தரலாம். இரண்டாவதற்குப் பொருளில் 9, வாசிப்பில் 7 தரலாம். குழுத் தலைவருக்கும் எங்கே இடிக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: தாளில் எழுதி வைத்த கோர்வைக்கு மதிப்பெண் கிடையாது, காதில் விழுந்த கோர்வைக்குத்தான். கலங்கலாக வந்தால் ‘பொருள்’ மதிப்பெண்ணும் இறங்கத்தான் வேண்டும்.

‘வாசிப்பு’ என்ற பாதியில் நடுவர் எதைக் கேட்க வேண்டும்? அணிவகுப்பு டிரம்லைனில், அதாவது குழுவின் டிரம் வரிசையில், இதற்குத் தெளிவான விடை உண்டு. பத்து ஸ்னேர் டிரம்கள் ஒரே டிரம்போலக் கேட்க வேண்டும். அதற்குக் குச்சியின் உயரத்தைக்கூட அங்குலக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்: மெல்லிய ஒலிக்கு 3 அங்குலம், அடுத்து 6, 9, 12 என்று ஏறும். ஒருவர் 6லும் பக்கத்தில் இருப்பவர் 9லும் தூக்கினால், இருவரும் சரியான நேரத்தில் அடித்தாலும் ஒலி இரண்டாகப் பிளந்து கேட்கும். பேஸ் டிரம்களில் இது இன்னும் கடினம். ஐந்து பேர் ஒரே சொற்கட்டைத் துண்டு துண்டாகப் பகிர்ந்து வாசிப்பார்கள். ஆளுக்கு ஓர் அடி. நிமிடத்துக்கு 160 எண்ணிக்கை என்ற வேகத்தில், ஓர் எண்ணிக்கையை நான்காகப் பிரித்த அடிகளுக்கு இடையே உள்ள நேரம் சுமார் 94 மில்லி விநாடி. நடுவில் ஒருவர் 20 மில்லி விநாடி பிந்தினால் போதும், அவருக்கு முன்னால் ஓட்டையும் பின்னால் நெரிசலும் காதுக்குத் தெரியும்.

பிழைகள் வருகிற இடங்களும் ஏறக்குறைய நிலையானவை. ஒலி ஏறும்போது காலம் ஓடும். ஒலி இறங்கும்போது இழுக்கும். இரட்டை அடிகளில் இரண்டாம் அடி இளைத்துப்போகும். நின்று வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நடக்கத் தொடங்கும் முதல் நான்கு எட்டில் கால் ஒரு காலமும் கை ஒரு காலமும் பேசும். அனுபவமுள்ள நடுவர் இந்த இடங்களுக்காகக் காத்திருப்பார். புதியவர் தன் எதிரே நிற்பவரின் முகபாவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்து, நடுவர் எங்கே நிற்கிறார் என்ற கேள்வி. இது அலட்சியப்படுத்தப்படுவதுபோல வேறெதுவும் அலட்சியப்படுத்தப்படுவதில்லை. நம் சிங்கப்பூர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். 30 மீட்டரைக் கடக்க அதற்கு 86 மில்லி விநாடி ஆகிறது. மேலே சொன்ன 94உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். திடலின் முன்வரிசையில் ஒருவரும் 30 மீட்டர் பின்னால் இன்னொருவரும் கைகளை ஒரே கணத்தில் இறக்கினால், முன்னால் அமர்ந்திருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் ஏறக்குறைய ஓர் அடி முழுதும் பிந்திக் கேட்கும். அதனால்தான் டிரம் கோரில் முன்னால் அசையாமல் நிற்கும் மரிம்பா, வைப்ரபோன் எனும் சுரம் எழுப்பும் தாளக் கருவிகளின் கலைஞர்கள் இசை நடத்துநரின் கையைப் பார்த்து வாசிப்பதைவிடப் பின்னாலிருந்து வரும் டிரம் ஒலியைக் காதால் பிடித்து வாசிக்கிறார்கள். கலைஞர்கள் இவ்வளவு கணக்குப் போட்டு வாசிக்கையில், நடுவரின் நாற்காலி மட்டும் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே போடப்படுவது நியாயமில்லை.

டிசிஐயில் தாளக் கருவி நடுவர் குழுவின் அருகிலிருந்து கேட்கிறார். மொத்த இசையைக் கேட்கும் நடுவர் பார்வையாளர் வரிசையின் உயரத்தில், நடுக்கோட்டுக்கு நேராக இருக்கிறார். அருகிலிருப்பவருக்குக் கைச்சுத்தம் தெரியும், ஒலிகளின் சமநிலை தெரியாது. உயரத்தில் இருப்பவருக்குச் சமநிலை தெரியும், யார் பிந்தினார் என்பது தெரியாது. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் ஒரே செய்தியை இரண்டு தடவை வாங்குகிறோம்.

அடுக்குமாடி வீட்டுப் புளோக்குகளின் திறந்த கீழ்த்தளத்தில் நடக்கும் போட்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. தாழ்வான சிமெண்டுக் கூரை, வழவழப்பான தரை, வரிசைத் தூண்கள். கை தட்டிப் பாருங்கள். எதிரொலி ஒரு விநாடி நீடித்தால், வேகமான உருட்டல்கள் அத்தனையும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பும். அந்த இடத்தில் நிதானமான நடையில் வாசித்த குழு ‘சுத்தம்’ என்று பெயர் வாங்கும். திறந்த வெளியில் அதே குழு வெறுமையாகக் கேட்கும். இடத்தை மாற்ற முடியாவிட்டால், எல்லாக் குழுக்களுக்கும் முந்திய நாள் அதே இடத்தில் ஐந்து நிமிட ஒத்திகையாவது கொடுக்க வேண்டும். நடுவரில் ஒருவர் 3 மீட்டருக்குள் இருந்தால் எதிரொலியின் தொல்லை அவருக்குக் குறையும்.

மதிப்பெண் கூட்டும் முறைக்கு வருவோம். மூன்று நடுவர்கள், இரண்டு குழுக்கள். முதல் நடுவர் ‘அ’ குழுவுக்கு 18.0, ‘ஆ’வுக்கு 17.8. இரண்டாமவர் 17.5, 17.4. மூன்றாமவர் 14.0, 18.0. மூவரில் இருவர் ‘அ’தான் சிறந்தது என்கிறார்கள். கூட்டினால் ‘அ’ 49.5, ‘ஆ’ 53.2. கோப்பை ‘ஆ’வுக்கு. உடனே ஒருவர் எழுந்து “உச்சத்தையும் நீச்சத்தையும் தள்ளிவிடுங்கள்” என்பார். தள்ளினால் மிஞ்சுவது ‘அ’வுக்கு 17.5, ‘ஆ’வுக்கு 17.8. அப்போதும் ‘ஆ’தான். மூன்றே நடுவர்கள் இருக்கையில் இரண்டு எண்ணைத் தள்ளுவது, மூவருக்கும் சோறு போட்டுவிட்டு ஒருவரிடம் மட்டும் தீர்ப்புக் கேட்பதுபோல. தள்ளும் முறை வேண்டுமானால் ஒரே அம்சத்துக்குக் குறைந்தது ஐந்து நடுவர் வேண்டும்.

ஸ்காட்லாந்தின் பைப் பேண்டு (பைக்குழலும் டிரம்மும் சேர்ந்த குழு) போட்டிகள் வேறு வழியில் போகின்றன. பெரிய போட்டிகளில் நான்கு நடுவர்கள்: குழலிசைக்கு இருவர், டிரம்முக்கு ஒருவர், கூட்டிசைக்கு ஒருவர். ஒவ்வொருவரும் குழுக்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துகிறார்கள். இடங்களைக் கூட்டிக் குறைந்த எண் பெற்றவருக்கு வெற்றி. சமநிலை வந்தால் கூட்டிசை நடுவர் யாரை மேலே வைத்தாரோ அவருக்கு. இந்த முறையில் மேலே சொன்ன ‘அ’வுக்கு 1+1+2=4, ‘ஆ’வுக்கு 5. ‘அ’ வெல்கிறது. ஆனால் இதிலும் பழுதுண்டு: நூலிழை வித்தியாசமும் மலையளவு வித்தியாசமும் ஒரே ஓர் இடமாகச் சுருங்கிவிடும். எங்கள் கருத்து, ஒன்றாகப் பயிற்சி பெறாத மூன்று நடுவர்களை வைத்து எட்டுப் பத்துக் குழுக்களுக்குப் போட்டி நடத்துவோர் இட வரிசை முறையைக் கையாள்வதே பாதுகாப்பு. நடுவர்கள் ஒரே அளவுகோலுக்குப் பழகிய பிறகு புள்ளி முறைக்கு மாறலாம்.

அளவுகோல் என்பது வெறும் பேச்சல்ல. வாசிப்பு 40 விழுக்காடு, கூட்டிசை 40, அசைவும் ஈர்ப்பும் 20 என்று விதியில் எழுதிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தாளும் 20க்கு. முதல் இரண்டையும் இரட்டிப்பாக்கிக் கூட்டினால் 100. வாசிப்பு நடுவர் கைச்சிக்கனக்காரர். எல்லாக் குழுக்களுக்கும் 16க்கும் 17.5க்கும் நடுவிலேயே போடுகிறார். அசைவு நடுவர் 12 முதல் 19 வரை தாராளமாக விரிக்கிறார். முதலாமவரால் உண்டாகும் அதிகபட்ச வித்தியாசம் 3 புள்ளி. மூன்றாமவரால் 7 புள்ளி. தாளில் 20 விழுக்காடு என்று அச்சடித்த அம்சம்தான் பரிசைத் தீர்மானிக்கிறது! இதற்கு மருந்து, ஒவ்வொரு எண் வரம்புக்கும் என்ன பொருள் என்று ஒரு வரி எழுதி வைப்பது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு நான்கைந்து பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டி, எல்லா நடுவர்களையும் மதிப்பெண் போடச் சொல்லி, வித்தியாசங்களைப் பேசித் தீர்ப்பது. இரண்டு மணி நேர வேலை. முதலில் வாசிக்கும் குழுவுக்கு “பின்னால் நல்ல குழு வரலாம்” என்று கையைப் பிடித்துக்கொண்டு மதிப்பெண் போடும் பழக்கமும் இதனால் குறையும்.

இவ்வளவு சொன்னாலும், டிரம்லைன் தாளை அப்படியே பெயர்த்து உறுமி மேளத்துக்குக் கொடுப்பது தவறு என்பதையும் சொல்ல வேண்டும். தவிலின் ஒரு முகமான வலந்தலையில் விரல் கூடுகள் பேசுகின்றன, மறு முகமான தொப்பியில் குச்சி பேசுகிறது. இதில் குச்சியின் உயரத்தை அங்குலத்தில் அளப்பது அபத்தம். உறுமியில் வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் உறுமலின் நீளமும் தொடர்ச்சியும்தான் நுணுக்கம். அடியை மட்டும் எண்ணுகிற காது அதைத் தவறவிடும். இரண்டு பம்பைக்காரர்கள் கேள்வியும் பதிலுமாக வாசிக்கையில் சிறிய நெகிழ்வு இருப்பது அழகு. டிரம்லைன் நடுவர் அதைப் பிசகு என்பார். ஆகவே அருகில் நிற்கும் நடுவர் இந்தக் கருவிகளை வாசித்தவராகவோ பல்லாண்டு கேட்டவராகவோ இருக்க வேண்டும். பாட்டுப் போட்டிக்கு வந்த நடுவரையே “மேளத்துக்கும் பார்த்துவிடுங்கள்” என்று உட்கார வைப்பது நிற்க வேண்டும். சத்தம் எந்தத் தாளிலும் ஓர் அம்சமாக இருக்கக்கூடாது. மெல்ல வாசிக்கத் தெரிந்ததா என்பதற்கு இடம் இருக்கலாம்.

சத்தம் நடுவரின் காதையும் பாதிக்கிறது. சிங்கப்பூரின் வேலையிடச் சத்த விதிகள் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற வரம்பு வைத்திருக்கின்றன. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். மேளக் குழுவுக்கு அருகே நின்றால் அந்த அளவு சுலபமாக வரும். ஏழெட்டு நிமிடம் வாசிக்கும் குழுக்கள் இரண்டு முடிவதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. பிறகு காது தற்காலிகமாக மந்தமாகும். முதலில் போவது உயர்ந்த சுருதிகள், அதாவது குச்சி முனையின் தெளிவு. பத்தாவது குழுவை நடுவர் கேட்பது முதல் குழுவைக் கேட்ட காதால் அல்ல. இசைக் கலைஞர்கள் அணியும், எல்லாச் சுருதியையும் சமமாகக் குறைக்கும் காதடைப்பான்கள் கடையில் கிடைக்கின்றன. பஞ்சை அடைத்துக்கொள்வது உதவாது; அது உயர்ந்த சுருதிகளை மட்டும் கூடுதலாக விழுங்கும். நான்கு குழுவுக்கு ஒருமுறை 15 நிமிட இடைவெளி விட்டால் நல்லது.

நேர விதியைப் பற்றிச் சுருக்கமாக. எந்த நொடியில் கடிகாரம் தொடங்குகிறது என்று எழுதாத விதி, விதியே அல்ல. முதல் அடியிலா, எல்லைக் கோட்டைத் தாண்டும் முதல் காலிலா, அறிவிப்பாளர் பெயர் சொன்னதிலா? உள்ளே வர 3 நிமிடம், வாசிக்க 6 முதல் 8, வெளியேற 1 என்று பிரித்து, ஒரு குழுவுக்கு 12 நிமிடம் ஒதுக்கலாம். நேரத்தையும் அபராதத்தையும் பார்ப்பவர் மதிப்பெண் போடும் நடுவராக இருக்கக்கூடாது; டிசிஐயிலும் அது தனிப் பொறுப்பு. கடிகாரம் இரண்டு வேண்டும், ஒன்று நின்றுபோனால் இன்னொன்று.

நம் ஊர் ஈரக்காற்றில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே கொண்டுவந்த பத்து நிமிடத்தில் மாற்றம் தெரியும். எனவே காத்திருக்கும் இடமும் வாசிக்கும் இடமும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். நெருப்பு மூட்ட அனுமதி இல்லாத இடத்தில் தப்பு மேளத்தின் தோலைக் காய்ச்ச என்ன ஏற்பாடு என்று ஏற்பாட்டாளர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். செயற்கைத் தோல் அனுமதியா என்பதும் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கட்டும். தோல் கிழிந்தால், குச்சி ஒடிந்தால் மறுவாய்ப்பு கிடையாது. எப்படிச் சமாளித்தார்கள் என்பதை நடுவர் கவனிப்பார். மின்சாரம் போனாலோ இடிமின்னல் எச்சரிக்கை வந்தாலோ அது குழுவின் குற்றமல்ல, முதலிலிருந்து வாசிக்க விடவேண்டும். ஒலிபெருக்கியை டிசிஐ 2004ல்தான் அனுமதித்தது, மின்னணுக் கருவிகளை 2009ல். இங்கே பாதி மேளம் மைக்கிலும் பாதி நேரடியாகவும் கேட்கிறது. ஒலிக் கலவை இயந்திரத்தில் கை வைத்திருப்பவர் நான்காவது நடுவராகிவிடுகிறார். ஒன்று, யாருக்கும் மைக் வேண்டாம். இல்லையேல் எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே அளவு, போட்டி தொடங்கியபின் யாரும் தொடக்கூடாது.

அடுத்தது காசு செலவில்லாதது. டிரம் கோர் நடுவர்கள் குழு வாசிக்கும்போதே பேசிப் பதிவு செய்கிறார்கள்; அப்பதிவு குழுவுக்குக் கொடுக்கப்படுகிறது. இன்று அதற்குக் கைப்பேசி போதும். “நன்று, இன்னும் முயற்சி தேவை” என்று தாளில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. “கோர்வையின் மூன்றாவது சுற்றில் இடது ஓரத் தவில் முந்துகிறது”, “இங்கே ஜால்ரா மேளத்தை மூடுகிறது” என்று அந்த நொடியிலேயே சொன்னால், பயிற்சியாளர் மறுவாரமே அதைச் சரிசெய்வார். தோற்ற குழுவின் கோபமும் பாதி இறங்கும்.

சிங்கப்பூர் இளையர் விழாவில் 2013 முதல் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற முறை போய் மூன்று நிலைச் சான்றிதழ்கள் வந்தன. பள்ளிக்கு அது பொருத்தம். ஒரு தரத்தை எட்டினார்களா என்பதுதான் அங்கே கேள்வி. கோப்பையும் பரிசுப் பணமும் வைத்து நடத்தும் சமூகப் போட்டியில் அந்தத் தாளைக் கடன் வாங்கினால் நான்கு குழுக்கள் ஒரே நிலையில் வந்து நிற்கும். பிறகு மூடிய அறைக்குள் ‘கலந்து பேசி’ முடிவெடுப்பார்கள். அங்கேதான் சந்தேகம் பிறக்கிறது.

சிறிய ஊர் இது. மேளம் தெரிந்த நடுவர் என்றால் அவர் ஏதாவது ஒரு குழுவுக்குக் கற்றுக்கொடுத்தவராகத்தான் இருப்பார். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பதுபோல அவர் நிலை. கடந்த இரண்டாண்டில் எந்தக் குழுவுக்கு வகுப்பெடுத்தார், யார் உறவு என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். அப்படித் தொடர்பிருந்தால் அந்தக் குழுவுக்கு மட்டும் அவர் மதிப்பெண் போடாமல் விடுவது தீர்வல்ல. ஒரு குழுவை இருவரும் மற்றவற்றை மூவரும் அளந்தால் எண்களை ஒப்பிட முடியாது. அந்தப் பிரிவிலிருந்தே அவர் விலகி, வேறொரு வயதுப் பிரிவுக்கு நடுவராகலாம். நடுவர்கள் எண்ணை எழுதிக் கொடுக்கும்வரை தங்களுக்குள் பேசக்கூடாது. ஒவ்வொரு குழு முடிந்ததும் தாள் கையை விட்டுப் போய்விட வேண்டும்.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடலாம். டிசிஐ இறுதிப் போட்டியில் 1996, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளில் இரண்டிரண்டு குழுக்கள் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. பகிர்வதா, ஸ்காட்லாந்துக்காரர்கள்போலக் கூட்டிசைத் தாளைப் பார்ப்பதா என்பது ஏற்பாட்டாளரின் விருப்பம். போட்டியன்று இரவு பத்து மணிக்கு, இரண்டு குழுக்களும் மேடைக்கு எதிரே நிற்கும்போது அதை முடிவு செய்யக்கூடாது.

இப்படிக்கு,
மேளமும் அணிவகுப்புத் தாளமும் பயிற்றுவிப்போர் இருவர்,
உட்லண்ட்ஸ்